லினக்சில் ஏற்றப்பட்ட வட்டுகளால் உண்டாகும் சிபியு சுமை

லினக்ஸ் இயங்குதளத்தில் வெளி வன்வட்டு, பென்டிரைவ், விண்டோசின் வட்டுப் பகுதி, வலையமைப்புக் கோப்புறை போன்ற ஒன்றை ஏற்றிய பின், சிபியு எனப்படும் மையச் செயலகத்தின் பயன்பாடு திடீரென உயர்வதுண்டு. விசிறி வேகமாகச் சுழலும், மடிக்கணினி சூடாகும், கோப்புகள் திறக்கத் தாமதமாகும். தரவைச் சேமிப்பது மட்டுமே வட்டின் வேலை. ஆனால் அந்தத் தரவு பயனரிடம் வந்து சேரும் வழியில் கோப்பு முறைமை இயக்கி, குறியாக்கம், சுருக்கம், தேடல் அட்டவணை எனப் பல மென்பொருள் அடுக்குகள் உள்ளன. சிபியுவின் நேரத்தைச் செலவிடுபவை இந்த அடுக்குகளே.

இச்சிக்கல் பெரும்பாலும் எளிதில் தீரக்கூடியது. எந்த அடுக்கு உழைக்கிறது என்று அறியாமல் செய்யும் அவசர வைத்தியம்தான் ஆபத்தானது. எழுதிக்கொண்டிருக்கும் வட்டைப் பிடுங்குவதும், அதன் இயக்கியை வலிந்து நிறுத்துவதும் கோப்புகளை இழக்கச் செய்யலாம். எனவே முதலில் அளந்து, பிறகு காரணியைக் கண்டுபிடித்து, கடைசியாக மாற்றம் செய்வதே முறை.

இக்கட்டுரையில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

ஏற்றுதல் என்பது என்ன?

விண்டோசில் ஒவ்வொரு வட்டும் சி, டி, ஈ எனத் தனி எழுத்தைப் பெறுகிறது. லினக்சில் எல்லா வட்டுகளும் ஒரே அடைவு மரத்தின் கிளைகளாக இணைக்கப்படுகின்றன. ஒரு வட்டுப் பகுதியை மரத்தின் ஓர் அடைவில் பொருத்துவதே ஏற்றுதல் அல்லது மவுண்ட் செய்தல் எனப்படும். அந்த அடைவு ஏற்றுமுனை எனப்படும்.

ஏற்றப்பட்ட பின் அந்த அடைவில் உள்ள கோப்பை ஒரு நிரல் திறக்கும்போது, வேண்டுகோள் முதலில் கெர்னலுக்குச் செல்கிறது. கெர்னலில் உள்ள பொதுவான கோப்பு முறைமை அடுக்கு, அந்த ஏற்றுமுனைக்கு உரிய இயக்கியிடம் வேண்டுகோளை ஒப்படைக்கிறது. ஈஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் போன்றவற்றின் இயக்கிகள் கெர்னலுக்குள்ளேயே உள்ளன. சில கோப்பு முறைமைகளின் இயக்கிகளோ சாதாரண நிரல்களைப் போலக் கெர்னலுக்கு வெளியே இயங்குகின்றன. இந்த வேறுபாடு சிபியு சுமையைப் புரிந்துகொள்ள மிகவும் முக்கியமானது.

எண்களைச் சரியாகப் படித்தல்

டாப் என்ற கட்டளை எல்லா வழங்கல்களிலும் கிடைக்கும் முதல் கருவி. அதன் மேற்பகுதியில் சிபியுவின் நேரம் பல பங்குகளாகப் பிரித்துக் காட்டப்படும். அவற்றுள் வட்டுச் சிக்கலுக்குத் தேவையானவை ஐந்து.

யுஎஸ்: சாதாரண நிரல்கள் செலவிட்ட நேரம்.
எஸ்ஒய்: கெர்னல் செலவிட்ட நேரம்.
எஸ்ஐ: மென்குறுக்கீடுகளுக்குச் செலவான நேரம். வலையமைப்புப் போக்குவரத்து மிகும்போது இது உயரும்.
ஐடி: சிபியு சும்மா இருந்த நேரம்.
டபிள்யூஏ: செய்ய வேறு வேலை இல்லாமல், வட்டின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம்.

கடைசியாக உள்ள காத்திருப்பு நேரமே பலரைக் குழப்புகிறது. அது உழைப்பு அன்று. ஓய்வின் ஒரு வகை. அந்த நேரத்தில் வேறொரு நிரல் கணக்கிட வந்தால் சிபியு உடனே அதற்குக் கிடைக்கும். காத்திருப்பு எண்ணும் குறைந்துவிடும். ஆகவே காத்திருப்பு 80 விழுக்காடு என்றால் சிபியு திணறுகிறது என்று பொருளில்லை. வட்டு மெதுவாக இருக்கிறது என்பதே பொருள். இந்நிலையில் வேகமான சிபியு வாங்கினாலும் பயன் இராது.

லோடு ஆவரேஜ் எனப்படும் சராசரிச் சுமையிலும் இதே குழப்பம் உண்டு. மற்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள் பொதுவாக இயங்கும் நிரல்களையும், இயங்கக் காத்திருக்கும் நிரல்களையும் மட்டுமே சுமையாகக் கணக்கிடுகின்றன. லினக்ஸ் 1993 முதல், வட்டின் பதிலுக்காக இடையூறு செய்ய முடியாத உறக்கத்தில் இருக்கும் நிரல்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. வலையமைப்பு வட்டு ஒன்று பதிலளிக்காமல் நின்றுவிட்டால், அதைத் தொட்ட நிரல்கள் ஒவ்வொன்றாக இந்த உறக்கத்தில் சேரும். சராசரிச் சுமை 20, 30 என ஏறும்; சிபியுவோ ஏறக்குறைய சும்மா இருக்கும். பிஎஸ் கட்டளையின் நிலை நெடுவரிசையில் இத்தகைய நிரல்களுக்கு நேராக டி என்ற எழுத்து காணப்படும்.

மூன்றாவது குழப்பம் விழுக்காட்டைப் பற்றியது. டாப் கட்டளையில் ஒரு நிரலுக்கு நேராக வரும் 100 விழுக்காடு, இயல்பாக ஒரு கோரின் முழு உழைப்பைக் குறிக்கும். நான்கு கோர் கணினியில் மொத்தத் திறன் 400 விழுக்காடு. ஒரே ஒரு கோர் நிரம்பியிருந்தால் மொத்தக் கணினியில் 25 விழுக்காடே செலவாகியிருக்கும். ஆனால் வட்டின் வேலை முழுவதும் அந்த ஒரு கோரையே நம்பியிருந்தால், மற்ற மூன்று கோர்கள் ஓய்வாக இருந்தும் வட்டு மெதுவாகவே தோன்றும்.

காரணியைக் கண்டறியும் வரிசை

1. டாப் அல்லது எச்டாப் கட்டளையை இயக்கி, அதிக நேரம் செலவிடும் நிரலின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயரே பெரும்பாலும் பாதி விடையைத் தந்துவிடும்.

2. ஃபைண்ட்மவுண்ட் கட்டளையால் எந்த வட்டு எந்த அடைவில், எந்தக் கோப்பு முறைமையாக, எந்த விருப்பத்தேர்வுகளுடன் ஏற்றப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும்.

3. ஐஓடாப் கட்டளை எந்த நிரல் வட்டில் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும். சிஸ்ஸ்டாட் தொகுப்பில் வரும் பிட்ஸ்டாட், ஐஓஸ்டாட் ஆகிய கட்டளைகளும் இதற்கு உதவும். சிபியு உயர்ந்திருந்து வட்டின் போக்குவரத்து மிகக் குறைவாக இருந்தால், சிறு சிறு வேண்டுகோள்களோ கணக்கீடோ காரணமாக இருக்கலாம்.

4. எந்தக் கோப்புகள் தொடப்படுகின்றன என்பதை ஃபேட்ரேஸ் கட்டளை உடனுக்குடன் காட்டும். எல்எஸ்ஓஎஃப், ஃபியூசர் ஆகியவை ஓர் ஏற்றுமுனையைப் பிடித்து வைத்திருக்கும் நிரல்களைக் காட்டும்.

5. டிமெஸ்ஜி கட்டளையால் கெர்னலின் செய்திகளைப் படிக்க வேண்டும். உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, இணைப்பு மீளமைப்பு போன்ற வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் வட்டோ, கேபிளோ பழுதாகியிருக்கலாம்.

6. ஐயத்திற்குரிய வட்டை முறைப்படி இறக்கிவிட்டு எண்களை மீண்டும் பார்க்க வேண்டும். சுமை மறைந்து, மறுபடி ஏற்றியதும் திரும்பினால் அந்த வட்டுக்கும் சுமைக்கும் உள்ள தொடர்பு உறுதியாகிறது.

கெர்னல் 4.20 பதிப்பிலிருந்து, ப்ராக் அடைவின் கீழ் பிரஷர் என்ற கோப்புறை உள்ளது. அதில் உள்ள ஐஓ என்ற கோப்பு, வட்டுக்காகக் காத்து நிரல்கள் இழந்த நேரத்தை விழுக்காட்டில் தருகிறது. அதே இடத்தில் உள்ள சிபியு என்ற கோப்பு சிபியுவுக்காகக் காத்த நேரத்தைத் தருகிறது. தட்டுப்பாடு வட்டிலா சிபியுவிலா என்ற கேள்விக்கு, சராசரிச் சுமையை விட இவ்விரண்டும் தெளிவான விடை தரும்.

பொதுவான காரணங்கள்

பயனர்வெளி இயக்கிகளும் என்டிஎஃப்எஸ் வட்டுகளும்

ஃபியூஸ் என்னும் ஏற்பாடு 2005இல் வெளிவந்த கெர்னல் 2.6.14 பதிப்பில் சேர்ந்தது. இதன் உதவியால் கோப்பு முறைமை இயக்கியைக் கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக எழுத முடியும். விண்டோசின் என்டிஎஃப்எஸ் வட்டுகளில் எழுத நெடுங்காலம் பயன்பட்டுவரும் என்டிஎஃப்எஸ்-3ஜி இந்த வகையைச் சேர்ந்தது. தொலைக் கணினியின் கோப்புகளை ஏற்றும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் நிரலும் அவ்வாறே.

இம்முறையில் ஒவ்வொரு வேண்டுகோளும் நிரலிலிருந்து கெர்னலுக்கும், கெர்னலிலிருந்து வெளியே உள்ள இயக்கிக்கும், அங்கிருந்து மீண்டும் கெர்னல் வழியாக வட்டுக்கும் செல்ல வேண்டும். விடை வந்த வழியே திரும்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் சிபியு ஒரு நிரலை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறது, தரவும் நகலெடுக்கப்படுகிறது. பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது இச்செலவு அதிகம் தெரியாது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கையாளும்போதும், டொரன்ட் பதிவிறக்கம் போலக் கோப்பின் பல இடங்களில் சிதறிச் சிதறி எழுதும்போதும் செலவு பெருகும். என்டிஎஃப்எஸ்-3ஜி தன் வேலையை ஒரே இழையில் செய்வதால் ஒரு கோர் நிரம்பியதும் அதன் வேகமும் நின்றுவிடும்.

இதை அடையாளம் காண்பது எளிது. டாப் பட்டியலில் மவுண்ட்.என்டிஎஃப்எஸ் என்ற பெயர் மேலே நிற்கும். ஃபைண்ட்மவுண்ட் கட்டளையில் கோப்பு முறைமையின் வகை ஃபியூஸ்பிளாக் என்று காட்டப்படும்.

தீர்வுகள் மூன்று. முதலாவது, பிக்ரைட்ஸ் என்ற விருப்பத்தேர்வு. இது இல்லாவிடில் எழுதும் தரவு 4 கிலோபைட் துண்டுகளாக வெட்டப்பட்டு இயக்கிக்கு அனுப்பப்படும். இதைச் சேர்த்தால் பொதுவாக 128 கிலோபைட் வரை ஒரே தடவையில் செல்லும். மாறுதல்களின் எண்ணிக்கை குறைவதால் சிபியு சுமையும் குறையும். பெயரின் இரு சொற்களுக்கும் நடுவே அடிக்கோடு இட வேண்டும். இரண்டாவது, கெர்னலுக்குள் இயங்கும் என்டிஎஃப்எஸ்3 இயக்கி. பாராகான் மென்பொருள் நிறுவனம் எழுதிய இது 2021 அக்டோபரில் வெளிவந்த கெர்னல் 5.15 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஏற்றும்போது வகை என்டிஎஃப்எஸ்3 என்று குறிப்பிட்டால், இந்த இயக்கி பயன்படும். மூன்றாவது, வட்டை விண்டோசுடன் பகிரத் தேவையில்லை என்றால், தரவை நகலெடுத்து வைத்துவிட்டு ஈஎக்ஸ்டி4 போன்ற லினக்சுக்கு உரிய முறைமையில் வடிவமைப்பது.

விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதி, கணினியை முழுமையாக அணைக்காமல் ஒருவகை உறக்கத்தில் வைக்கிறது. அந்நிலையில் உள்ள வட்டில் லினக்சிலிருந்து எழுதுவது பாதுகாப்பானதன்று. அதனால்தான் என்டிஎஃப்எஸ்-3ஜி அதைப் படிக்க மட்டும் திறக்கிறது. சரியாக மூடப்படாத வட்டை ஏற்ற என்டிஎஃப்எஸ்3 மறுக்கிறது. இதை மீற ஃபோர்ஸ் விருப்பத்தேர்வு உண்டு என்றாலும், விண்டோசில் அவ்வசதியை நிறுத்தி, வட்டுச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு வருவதே முறையானது.

தேடல் அட்டவணையும் சிறுபடங்களும்

புதிய வட்டு ஒன்று கிடைத்ததும் அதில் உள்ளவற்றைப் படித்துத் தேடலுக்கான அட்டவணை தயாரிக்கும் நிரல்கள் பல மேசைத்தளங்களில் உள்ளன. நோம் மேசைத்தளத்தில் டிராக்கர், கேடிஇயில் பாலு ஆகியவை இப்பணியைச் செய்கின்றன. டிராக்கரின் அட்டவணை நிரல் 2024இல் வந்த நோம் 47 பதிப்பில் லோக்கல்சர்ச் எனப் பெயர் மாறியது. லோகேட் கட்டளைக்கான அட்டவணையைப் புதுப்பிக்கும் அப்டேட்டிபி என்ற நிரல் நாள்தோறும் தானே இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தின் டம்ப்ளர் படங்களுக்கும் காணொளிகளுக்கும் சிறுபடங்கள் தயாரிக்கிறது. காணொளிகள் நிறைந்த வட்டைத் திறக்கும்போது சிபியுவை நிரப்புவது மட்டுமன்றி, கோப்பைப் பிடித்துக்கொண்டு வட்டை இறக்க விடாமலும் அது தடுப்பதுண்டு.

அட்டவணை ஒருமுறை முடிந்தால் சுமை தானாகக் குறையும். ஆகவே முதல்முறை ஏற்றிய வட்டு என்றால் சிறிது நேரம் காத்திருப்பதே போதுமானது. குறையவில்லை என்றால் குறிப்பிட்ட ஏற்றுமுனையை விலக்கு பட்டியலில் சேர்க்கலாம். டிராக்கருக்கும் பாலுவுக்கும் மேசைத்தளத்தின் தேடல் அமைப்புகளில் இந்த வசதி உண்டு. அப்டேட்டிபிக்கு ஈடிசி அடைவில் உள்ள அப்டேட்டிபி.கான்ஃப் கோப்பில் ப்ரூன்பாத்ஸ் என்ற வரியில் அடைவின் பெயரைச் சேர்க்க வேண்டும். உபுண்டுவில் மீடியா அடைவு இவ்வரியில் முன்னரே இடம்பெற்றிருக்கும். எம்என்டி அடைவு இராது. அதனால் ஒரே வட்டை மீடியாவில் ஏற்றும்போது வராத சுமை, எம்என்டியில் ஏற்றும்போது வரக்கூடும்.

குறியாக்கம்

லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்த வட்டில் ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் கணக்கீட்டைக் கடந்தே செல்கிறது. இவ்வேலை கெர்னல் இழைகளில் நடப்பதால் டாப் பட்டியலில் கேவொர்க்கர் என்ற பெயரும் அதனுடன் கேகிரிப்ட்டி என்ற பின்னொட்டும் தெரியும். பயன்பாடு எஸ்ஒய் பங்கில் சேரும்.

ஏஇஎஸ் குறியாக்கத்தை விரைவாகச் செய்வதற்கான சிறப்புக் கட்டளைகள் இன்டெல் நுண்செயலிகளில் 2010இல் அறிமுகமாயின. எல்எஸ்சிபியு கட்டளையின் வெளியீட்டில் ஏஇஎஸ் என்ற கொடி இருந்தால் இந்த வசதி உள்ளது. இல்லாத கணினியில் அதே வேலைக்குச் சிபியு பலமடங்கு உழைக்க நேரும். ராஸ்பெர்ரி பை 4 இவ்வசதி இல்லாதது. ராஸ்பெர்ரி பை 5இல் உண்டு. கிரிப்ட்செட்டப் கட்டளையின் பெஞ்ச்மார்க் சோதனை ஒவ்வொரு குறியாக்க முறையின் வேகத்தையும் காட்டும். ஏஇஎஸ் மெதுவாக உள்ள கருவிகளுக்காக கூகுள் வடிவமைத்த அடியாண்டம் என்ற முறை கெர்னல் 5.0 முதல் கிடைக்கிறது. ஆனால் முறையை மாற்றுவதற்கு வட்டு முழுவதையும் மீண்டும் குறியாக்கம் செய்ய வேண்டும் என்பதால் தரவின் நகல் இன்றித் தொடங்கக் கூடாது.

சுருக்கமும் ஸ்னாப்ஷாட்டுகளும்

பிடிஆர்எஃப்எஸ் வட்டை கம்ப்ரெஸ் விருப்பத்தேர்வுடன் ஏற்றினால், எழுதும் தரவு சுருக்கப்படும். இடம் மிஞ்சும், சிபியு செலவாகும். இசட்எஸ்டிடி முறையில் நிலைகள் 1 முதல் 15 வரை உள்ளன. இயல்பான நிலை 3. நிலை உயர உயரச் செலவும் உயரும். காணொளி, ஜேபெக் படம் போன்றவை முன்னரே சுருக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் சுருக்க முயல்வதால் ஆதாயம் இல்லை.

பிடிஆர்எஃப்எஸ்-கிளீனர் என்ற கெர்னல் இழை ஒரு கோரை நெடுநேரம் நிரப்பினால், ஒதுக்கீட்டுக் கணக்கு வசதி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டுகள் மிகுந்த வட்டில் ஒன்றை நீக்கும்போதும் எந்தத் துண்டு யாருக்குரியது என்று அவ்வசதி மறுகணக்கிடுகிறது. ஒதுக்கீடு தேவையில்லை எனில் அதை நிறுத்துவதும், பழைய ஸ்னாப்ஷாட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் தீர்வாகும்.

வலையமைப்பு வட்டுகள்

எஸ்எஸ்எச்எஃப்எஸ் வழியாக ஏற்றிய கோப்புறையில் ஃபியூஸ் செலவும் குறியாக்கச் செலவும் ஒன்றுசேர்கின்றன. ஒரே அலுவலக அல்லது வீட்டு வலையமைப்புக்குள் என்எஃப்எஸ், எஸ்எம்பி ஆகியவை கெர்னலுக்குள் இயங்கும் இயக்கிகளைக் கொண்டவை என்பதால் பெரிய போக்குவரத்துக்கு ஏற்றவை.

என்எஃப்எஸ் வட்டு இயல்பாக ஹார்டு முறையில் ஏற்றப்படுகிறது. சேவையகம் பதிலளிக்கும் வரை நிரல் காத்தே இருக்கும். இதனால் எழும் சுமை காத்திருப்புச் சுமையே. சாஃப்ட் முறைக்கு மாற்றினால் நிரல்கள் நிற்காமல் பிழையுடன் திரும்பும். ஆனால் எழுதும் வேலை பாதியில் கைவிடப்படுவதால், பயனர் அறியாமலே தரவு சிதையலாம் என்று என்எஃப்எஸ் கையேடே எச்சரிக்கிறது. எப்போதாவது மட்டும் தேவைப்படும் வலையமைப்பு வட்டுக்குத் தானியங்கி ஏற்றுதல் சிறந்தது. எஃப்எஸ்டாப் கோப்பில் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்ற விருப்பத்தேர்வைச் சேர்த்தால், அடைவைத் தொடும்போது மட்டுமே வட்டு ஏற்றப்படும்.

ஏராளமான ஏற்றுமுனைகள்

சில சமயம் எந்த வட்டிலும் போக்குவரத்து இராது. ஆனாலும் சிஸ்டம்டி என்ற முதல் நிரலே சிபியுவைச் செலவிடும். கன்டெய்னர்களை இயக்கும் சேவையகங்களில் இது காணப்படும். ஓர் ஏற்றுமுனை சேர்ந்தாலும் நீங்கினாலும் சிஸ்டம்டி, ஏற்றுமுனைகளின் பட்டியலான மவுண்ட்இன்ஃபோ கோப்பை முழுவதும் மறுபடி படிக்கிறது. மேசைத்தளத்தில் வட்டுகளைக் கவனிக்கும் யுடிஸ்க்ஸ் நிரலும் இப்பட்டியலைப் பின்தொடர்கிறது. பட்டியலில் ஆயிரக்கணக்கான வரிகள் இருந்து, அவை அடிக்கடி மாறினால் படிப்பதே பெரும் வேலையாகிவிடும்.

ஃபைண்ட்மவுண்ட் கட்டளையின் வெளியீட்டில் உள்ள வரிகளை எண்ணினால் நிலை தெரியும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஏற்றும் தவறான நிரல்வரி, இறக்கப்படாமல் மிஞ்சிய கன்டெய்னர் அடுக்குகள் ஆகியவை வழக்கமான காரணங்கள். பட்டியல் முழுவதையும் படிக்காமல் ஒரு ஏற்றுமுனையின் விவரத்தை மட்டும் கேட்டுப்பெற ஸ்டாட்மவுண்ட், லிஸ்ட்மவுண்ட் என்ற புதிய அழைப்புகள் 2024இல் வெளிவந்த கெர்னல் 6.8 பதிப்பில் சேர்க்கப்பட்டன.

புதிய வட்டும் பழுதான வட்டும்

பெரிய வட்டு ஒன்றை ஈஎக்ஸ்டி4 முறையில் வடிவமைத்தால் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். உண்மையில் ஒரு பகுதி வேலை தள்ளிவைக்கப்பட்டிருக்கும். முதல்முறை ஏற்றிய பின் ஈஎக்ஸ்டி4லேசிஇனிட் என்ற கெர்னல் இழை அதைப் பின்னணியில் செய்து முடிக்கும். எந்தக் கோப்பும் திறக்காமலேயே வட்டின் விளக்கு நெடுநேரம் மினுக்குவதற்கு இதுவே காரணம். வட்டை ஏற்றியபடி விட்டுவைத்தால் அது தானே நிற்கும்.

பழுதான வட்டின் அறிகுறி வேறு. காத்திருப்பு நேரம் உயரும். கெர்னல் செய்திகளில் பிழைகள் தொடரும். ஒரே கோப்பில் நிரல் உறைந்து நிற்கும். இந்நிலையில் வேகத்தைக் கூட்டும் முயற்சிகளை விட்டுவிட்டு, முதலில் முக்கியக் கோப்புகளை வேறிடத்திற்கு நகலெடுக்க வேண்டும். பின்னர் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் வட்டின் உடல்நலக் குறிப்புகளைப் பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

விண்டோசும் உபுண்டுவும் உள்ள நான்கு கோர் மடிக்கணினியை ஒரு மாணவர் பயன்படுத்துவதாகக் கொள்ளலாம். பாடக் கோப்புகளும், செயல்முறைத் தேர்வுக்கான மெய்நிகர் கணினியின் வட்டுக் கோப்பும் விண்டோசின் டி பகுதியில் உள்ளன. உபுண்டுவில் அப்பகுதியை ஏற்றி மெய்நிகர் கணினியைத் தொடங்கியதும் விசிறி இரைகிறது, எல்லாம் மெதுவாகிறது.

மொத்தப் பயன்பாடு 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டுவதால் சிபியுவில் குறையில்லை என்று முதலில் தோன்றும். நிரல்வாரியாகப் பார்த்தால் மவுண்ட்.என்டிஎஃப்எஸ் மட்டும் 100 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அதாவது ஒரு கோர் நிரம்பிவிட்டது. ஃபைண்ட்மவுண்ட் அப்பகுதியை ஃபியூஸ்பிளாக் என்கிறது. ஐஓடாப் காட்டும் போக்குவரத்தோ குறைவு. கெர்னல் செய்திகளில் பிழை ஏதும் இல்லை. மெய்நிகர் கணினியை நிறுத்தியதும் சுமை மறைகிறது.

இந்த ஐந்து தடயங்களும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. மெய்நிகர் கணினி தன் வட்டுக் கோப்பில் சிறு சிறு எழுத்துகளைச் சிதறிச் செய்கிறது. ஒவ்வொன்றும் ஃபியூஸ் வழியாகப் போய்வருகிறது. பாடக் கோப்புகளை விண்டோசுடன் பகிர வேண்டும் என்பதால் டி பகுதி அப்படியே இருக்கலாம். மெய்நிகர் கணினியின் கோப்பை மட்டும் முறையாக மூடி, ஈஎக்ஸ்டி4 முறையில் உள்ள முகப்பு அடைவுக்கு நகர்த்தினால் போதும். புதிய கணினியோ, மறுநிறுவலோ தேவைப்படாது.

தவிர்க்க வேண்டியவை

நகலெடுக்கும் சாளரம் மறைந்துவிட்டது என்பதால் தரவு வட்டுக்குப் போய்விட்டது என்று பொருளில்லை. எழுத வேண்டிய தரவைக் கெர்னல் முதலில் நினைவகத்தில் வைத்திருந்து, பின்னர் வட்டுக்கு அனுப்புகிறது. இயல்பான அமைப்பில், கிடைக்கும் நினைவகத்தில் 20 விழுக்காடு வரை இவ்வாறு தேங்கியிருக்க இடமுண்டு. மெதுவான பென்டிரைவில் இது வடிய நிமிடக்கணக்கில் ஆகும். அதற்குள் பிடுங்கினால் கோப்பு பாதியாக நிற்கும். சிங்க் கட்டளை முடியும் வரையோ, இறக்கும் கட்டளை முடியும் வரையோ காத்திருக்க வேண்டும்.

மவுண்ட்.என்டிஎஃப்எஸ் போன்ற இயக்கி நிரலைக் கில் கட்டளையின் ஒன்பதாம் எண்ணுடன் நிறுத்துவதும் வட்டைப் பிடுங்குவதைப் போன்றதே. சுமை உடனே மறையும்; எழுதப்படாமல் இருந்த தரவும் மறையலாம். சுமையைத் தர வேண்டிய வேலையைத் தரும் நிரலை, அதாவது நகலெடுக்கும் அல்லது பதிவிறக்கும் நிரலை நிறுத்தினால் இயக்கி தானே அமைதியாகும்.

வட்டை இறக்கும்போது பயன்பாட்டில் உள்ளது என்ற செய்தி வந்தால், சோம்பல் இறக்கம் எனப்படும் விருப்பத்தேர்வைப் பலர் நாடுவர். அது ஏற்றுமுனையைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். வட்டு விடுபட்டது என்று எண்ணிக் கழற்றினால் சேதம் நேரும். ஃபியூசர் கட்டளையால் அந்த நிரலைக் கண்டு மூடுவதே பாதுகாப்பானது.

முன்னெச்சரிக்கை

நிலையாகப் பயன்படும் வட்டுகளை எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதிவைப்பது நல்லது. இணைக்கப்படாத வெளி வட்டுக்காகக் கணினி தொடங்கும்போது காத்து நிற்காமல் இருக்க நோஃபெயில் விருப்பத்தேர்வு உதவும். நோஏடைம் விருப்பத்தேர்வு, கோப்பைப் படிக்கும்போதெல்லாம் படித்த நேரத்தை வட்டில் குறிக்கும் வேலையை நீக்குகிறது. 2009இல் வந்த கெர்னல் 2.6.30 முதல் ரெல்ஏடைம் என்ற சிக்கனமான முறையே இயல்பாக உள்ளதால், இன்று இம்மாற்றத்தால் கிடைக்கும் ஆதாயம் சிறியது.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, முன்னும் பின்னும் அதே அளவைகளை எடுத்துக் குறித்துவைக்க வேண்டும். எஃப்எஸ்டாப் கோப்பைத் திருத்துமுன் அதன் நகலை வைத்துக்கொண்டு, ஃபைண்ட்மவுண்ட் கட்டளையின் சரிபார்ப்பு வசதியால் பிழை உள்ளதா என்று பார்த்த பிறகே கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அக்கோப்பில் ஏற்படும் ஒரு எழுத்துப் பிழை கூட, கணினியை மீட்பு நிலையில் நிறுத்திவிடக்கூடும்.